நாஞ்சில் நாட்டுக் குளங்கள்: பறவை பார்க்க எந்த மாதம், எந்தக் கரை? பழைய வயலை எப்படி அடையாளம் காட்டுவது?

பூதப்பாண்டிக்காரன் கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் 20 பேரை ஒரு நாள் காலையில் தேரூர், சுசீந்திரம், மணக்குடி பக்கம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பறவை காட்டுவது பாதி வேலை. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிற நாஞ்சில் நாடு உண்மையில் எப்படி ஓடியது என்று இடத்தில் நிறுத்திக் காட்டுவது மறுபாதி.

டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள் பெரும்பாலும் "குளம் நிறைய தண்ணீர், பறவைதான் இல்லை" என்று திரும்புகிறார்கள். அது ஏன்? எந்த மாதம் போகலாம்? இப்போது வாழையும் வீடுமாக இருக்கிற இடத்தைக் காட்டி "இது ஏலாவாக, நெல்வயல் பரப்பாக இருந்தது" என்று சொன்னால் பிள்ளைகள் ஆதாரம் கேட்பார்கள். எதைக் காட்டுவது? விவரமாகவே சொல்லுங்கள், அவசரமில்லை.

மறுகால் எழுதியது:

தம்பி, இங்கே நெல்லுக்கும் பறவைக்கும் ஒரே பஞ்சாங்கம்தான். அணையைத் திறப்பதும் அடைப்பதும்தான் அந்தப் பஞ்சாங்கம். பேச்சிப்பாறையை ஜூன் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பது வழக்கம். இடையில் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற பெயரிலேயே அறுப்பு மாதம் இருக்கிறது. மலையாளக் கணக்கில் கன்னி நமக்குப் புரட்டாசி, கும்பம் மாசி. சித்திரை வைகாசியில் விதைத்தது ஆவணி புரட்டாசியில் அறுப்புக்கு வரும். புரட்டாசி ஐப்பசியில் நட்டது மாசி வாக்கில் அறுப்பு.

இப்போது டிசம்பரை யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டி ஓய்ந்த நேரம். குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகால் வழியாகப் பாய்கிறது, கரையோரம்கூட ஆழம். வயலில் கும்பப்பூ நாற்று தூர்கட்டித் தரையை மூடி நிற்கிறது. நீண்ட காலுள்ள பறவைக்குக் குளத்திலும் நிற்க இடமில்லை, வயலிலும் இடமில்லை. அவ்வளவுதான் காரணம். மாசி அறுப்பு தொடங்கி, கால்வாய் அடைந்து, குளம் வற்ற ஆரம்பிக்கும்போது அதே இடம் நிறைந்துவிடும்.

தண்ணீர் வரும் வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் குளத்தை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான். கோதையாறு பேச்சிப்பாறையில் தேங்குகிறது, பரளியாறு பெருஞ்சாணியில். இரண்டு தண்ணீரும் புத்தன் அணைக்கு வந்து, பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுக்கும், பத்மநாபபுரம் புத்தனாற்றுக்கும் பிரிகிறது. கீழே தோவாளைக் கால்வாய், அனந்தனாறு என்று கிளைத்து ஏலா ஏலாவாக இறங்குகிறது. பேச்சிப்பாறை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த வேலை. மூலம் திருநாள் மகாராஜா காலம், பொறியாளர் மின்சின். அவர் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. பெருஞ்சாணி சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. ஆனால் குளங்கள் அணையைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. பழையாற்றின் குறுக்கே சபரி அணை, குமரி அணை, மிஷன் அணை என்று வரிசையாகத் தடுப்பணைகள், அவற்றிலிருந்து கால்கள், கால்களின் வாயில் குளங்கள், மேல்குளத்தின் மறுகால் கீழ்குளத்துக்கு வரத்து. 1906இல் நடந்தது என்னவென்றால் இந்தச் சங்கிலியின் தலைமாட்டில் ஒரு பெரிய குளம் சேர்ந்தது, அவ்வளவே.

பிள்ளைகள் கையால் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். கால்வாய் நேராக ஓடும் இடத்தில் கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். ஆரஞ்சுத் தோல் ஒன்றைப் போட்டு, முதல் குச்சியிலிருந்து இரண்டாவதைத் தாண்ட எத்தனை விநாடி என்று ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள். இலையோ சருகோ போட்டால் காற்று தள்ளிக் கணக்கைக் கெடுக்கும். தோல் பாதி முங்கி மிதப்பதால் நல்லது. 25 விநாடி என்று வைத்துக்கொண்டால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால் விநாடிக்கு 0.4 கனமீட்டர். மேல்மட்டத் தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும், அதனால் 0.85ஆல் பெருக்க வேண்டும். 0.34 கனமீட்டர், அதாவது 340 லிட்டர். நாளிதழ்களில் வருகிற கனஅடிக் கணக்கில் சுமார் 12. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு பூவுக்கு மழையும் சேர்த்து ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று கொண்டால் 48 லட்சம் லிட்டர் சொச்சம். அந்தக் கால்வாய் ஒரு நாள் முழுக்க ஓடினால் 6 ஏக்கரின் ஒரு பூ. இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை கடைமடை (கால்வாயின் கடைசியில் இருக்கிற வயல்) என்ற சொல்லை மறக்காது. ஆழத்தைக் கரையிலிருந்து நீண்ட கம்பால் அளக்கச் சொல்லுங்கள். யாரையும் கால்வாயில் இறக்க வேண்டாம், பாசி வழுக்கும்.

ஊர்க்கணக்கையும் சொல்லிக்கொடுங்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. இன்றும் நெல் விலை கோட்டைக்கு இத்தனை என்றுதான் பேச்சு, 87 கிலோ என்று எடுத்துக்கொள்கிறார்கள். வயலையும் எத்தனை கோட்டை விதைப்பாடு, எத்தனை மரக்கால் விதைப்பாடு என்று விதையால்தான் அளந்தார்கள்.

இன்னொன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. அந்த அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் தவித்தது. அந்த நேரத்தில் நாஞ்சில் நாட்டு வயலுக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொண்டால், 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கேரளத்துக்கு எது கைவிட்டுப் போனது என்றும் புரியும்.

நெடுங்கால் எழுதியது:

மறுகால் அண்ணாச்சி சொன்னதை அப்படியே பறவைக்கு மாற்றிச் சொல்கிறேன். பிப்ரவரி இரண்டாம் பாதியும் மார்ச் முதல் பாதியும்தான் உங்களுக்கான நாட்கள். வலசை வந்தவை இன்னும் கிளம்பியிருக்காது, தண்ணீரும் இறங்கியிருக்கும்.

பார்க்க வேண்டியது தண்ணீரின் அளவு இல்லை, ஆழம். கொசு உள்ளானுக்கு 2 முதல் 4 செ.மீ. தண்ணீர் போதும், அதற்கு மேல் போனால் வயிறு நனையும். பொறி உள்ளான் 5 செ.மீ. வரை. நெடுங்கால் உள்ளான் 15 செ.மீ. வரை தாராளமாக நடக்கும். தலையை முக்கி மேயும் நீலச்சிறகி, ஊசிவால் சிறகி போன்ற வாத்துகளுக்கு 15 முதல் 30 செ.மீ. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முங்கி மீன் பிடிப்பவை, அரை மீட்டருக்கு மேல் வேண்டும். கூழைக்கடா முங்காது, மிதந்தபடி அலகால் அள்ளும். ஒரே குளத்தில் இந்த எல்லா ஆழமும் சரிவாக இருந்தால்தான் எல்லாப் பறவையும் ஒரே காலையில் கிடைக்கும். தேரூர்க் குளத்தின் சிறப்பு அந்தச் சரிவான ஓரம்தான்.

எங்கே நிற்பது என்பதற்கு ஒரே விதி: சூரியன் முதுகில். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். எதிர்வெயிலில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு, பாதி அடையாளம் தப்பாகும். சுசீந்திரம் குளம் நாகர்கோவில் கன்னியாகுமரி சாலையை ஒட்டியே இருப்பதால் அங்கே வண்டிச்சத்தத்துக்குப் பழகிய பறவைகள், கிட்டே நின்று பார்க்கலாம். ஆனால் 20 பிள்ளைகளைச் சாலையோரம் நிறுத்துவது ஆபத்து. இரண்டாகப் பிரித்து உள்கரையில் நிறுத்துங்கள். 8க்கு 42 இருகண்நோக்கி நாலு பேருக்கு ஒன்று, குளத்து நடுவைப் பார்க்க முக்காலியில் வைத்த தொலைநோக்கி ஒன்று. அது போதும்.

பிள்ளைகள் தவறாமல் குழம்புகிற இடம் இலைக்கோழி. நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில்தான், இங்கே தென்மேற்குப் பருவமழை மாதங்களில். பிப்ரவரியில் வாலும் இருக்காது, கறுப்பு வயிறும் இருக்காது. வெளிறிய பழுப்பும் வெள்ளையுமாக, கழுத்துப் பக்கத்தில் கறுப்புக் கோடும் மங்கிய மஞ்சளுமாக நிற்கும். படத்தில் பார்த்த வாலைத் தேடிக்கொண்டு எதிரே இருப்பதை விட்டுவிடுவார்கள். இந்தப் பறவையில் ஆண்தான் அடைகாக்கும், ஒரு பெண் பல ஆண்களுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டுப் போகும். வகுப்பில் சொன்னால் ஒரு நாள் முழுக்கப் பேசுவார்கள்.

தாமரைப் படுகைக்குள் நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான், குள்ளத்தாரா. தண்ணீர்மேல் வட்டமிட்டு மூக்கைத் தாழ்த்திப் பறப்பது மீசை ஆலா. மடை ஓரத்தில் அசையாமல் நிற்பது மடையான், பெயருக்குள்ளேயே மடை இருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் மேயத்தான் இங்கே வருகின்றன. அவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவதைப் பார்க்க நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் போக வேண்டும். நீர்ப்பறவைக் கூட்டம் முழுவதும் திடீரென்று ஒன்றாகக் கிளம்பினால் மேலே பாருங்கள், சேற்றுப் பூனைப்பருந்து வந்திருக்கும்.

எண்ணும் முறை: இடமிருந்து வலமாக ஒரே தடவை. கூட்டமாக இருந்தால் முதல் 10ஐ எண்ணி, அந்த 10 எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு 10, 20, 30 என்று நகர்த்துங்கள். பறந்து வலப்பக்கம் போன கொக்கை மறுபடி எண்ணிவிடுவதுதான் வழக்கமான பிழை. அதற்கு ஒரு பிள்ளை 'பறந்தவை' மட்டும் குறிக்கட்டும். இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுவதானால் தேரூருக்கு ஒரு பட்டியல், சுசீந்திரத்துக்கு ஒரு பட்டியல், மணக்குடிக்கு வேறு. மூன்றையும் ஒன்றாகக் கட்டினால் அந்தத் தரவு எந்தக் குளத்துக்கும் பயன்படாது. தொடங்கிய நேரம், நின்ற நிமிடம், நடந்த தூரம் மூன்றையும் எழுதுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அந்த எண்ணோடு உங்கள் மாசி எண்ணை வைத்துப் பார்த்தால் தண்ணீர் இறங்குவதன் அர்த்தம் எண்ணாகத் தெரியும்.

ஏலாக்கரை எழுதியது:

குளத்தையே எல்லோரும் பேசுகிறீர்கள், வயலை யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். பறவைக்குக் குளம் படுக்கை, வயல்தான் சாப்பாட்டு இலை.

நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அலகின் நடுவில் இடைவெளி, அதை வைத்து ஆப்பிள் நத்தையின் மூடியை நெம்பிச் சதையை எடுக்கும். அந்த நத்தை கோடையில் வயல் சேற்றுக்குள் இறங்கி மூடியை அடைத்துக்கொண்டு கிடக்கும். தண்ணீர் பாய்ச்சித் தொளி அடித்ததும் (சேறாக உழுததும்) மேலே வரும். உழவு வண்டிக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் நத்தைகுத்தியும் பழுப்பு அரிவாள்மூக்கனும் வரிசையாக நடப்பது அதற்குத்தான். ஆக வருடத்துக்கு இரண்டு தடவை தொளி, இரண்டு தடவை விருந்து. வயலை வாழையாக மாற்றினால் என்ன ஆகும்? மண்ணை வாரிப் பாத்தியை மேடாக்கி நடுவே வாய்க்கால் வெட்டுவார்கள். பரந்த ஆழமில்லாத தண்ணீர் குறுகிய ஆழமான ஓடையாகிவிடும். நத்தையும் போகும், தவளையும் குறையும், வரப்போரத்துத் தண்ணீர்ப்பாம்பும் போகும். குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குறையாமலேயே பறவை குறைய இது போதும்.

வாழைக்குப் போன விவசாயியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. கடைமடைக்குத் தண்ணீர் நாள் தவறி வருகிறது, நடவுக்கும் களைக்கும் ஆள் இல்லை, அறுப்பு இயந்திரம் ஈர வயலில் சிக்குகிறது, கும்பப்பூ முற்றும் நேரத்தில் மழை பிடித்தால் கதிர் சாய்ந்து முளைத்துவிடுகிறது. ஒரு ஏலாவின் நடுவில் நாலு பேர் வாழைக்கு மாறினால் அவர்களுக்குத் தண்ணீர் வடிய வேண்டும், சுற்றியிருக்கிற நெல்காரருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தச் சண்டையில் தோற்பது எப்போதும் நெல். பிறகு மலையிலிருந்து செம்மண் வருகிறது, மனை ஆகிறது, ஓடை மூடுகிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள், பழைய ஏலாவின் வரைபடம் தானாக வரும்.

விளவங்கோடு பக்கம் கதை வேறு. அங்கே நெய்யாறு இடதுகரைக் கால்வாயை நம்பி இருந்த வயல்கள், கேரளத்திலிருந்து தண்ணீர் 2004இல் நின்றபின் மரச்சீனிக்கும் (மரவள்ளிக் கிழங்கு) ரப்பருக்கும் போயின. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புக்கென்று 2008இல் தனிச்சட்டம் உண்டு, வயல்களுக்கு டேட்டா பேங்க் என்று பட்டியலும் உண்டு. அதிலும் ஓட்டை இருக்கலாம், ஆனால் 'இது வயல்' என்று அரசு எழுதி வைத்த ஒரு தாளாவது இருக்கிறது. நமக்கும் அது வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னும் நெல் நிற்கிற ஏலாவைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் திருப்பதிசாரம் பக்கம் நிறுத்துங்கள். நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. டி.பி.எஸ் என்று தொடங்கும் நெல் ரகப் பெயர்கள் எல்லாம் அந்த ஊர்ப் பெயரின் சுருக்கம். நாஞ்சில் நாட்டின் பழைய கட்டிச்சம்பா டி.பி.எஸ்-1க்குத் தாய்வழிகளில் ஒன்று.

தாழைக்கோழி பற்றி ஒரு வார்த்தை. பறவை பார்ப்பவருக்கு அது அழகு, குளத்தங்கரை வயல்காரருக்கு அது சேதம். இளம் தூரைப் பிடுங்கி அடிக்குருத்தைத் தின்னும், கதிர் வந்தபின் தாளை மடக்கும். சேதம் எப்போதும் சம்பும் கோரையும் அடர்ந்த ஓரத்தை ஒட்டிய முதல் சில வரிசைகளில்தான் அதிகம். மறைவு இல்லாமல் அது வெகுதூரம் வராது. அதனால் வரப்புக்கும் சம்புக்கும் இடையே 3 மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டி வெளிச்சமாக வைத்தால் பாதிச் சேதம் நிற்கும். பளபளக்கும் நாடா கட்டினால் சில நாள் பயப்படும், பிறகு பழகிவிடும். நட்ட முதல் 3 வாரத்துக்கு மட்டும் கட்டி அவிழ்த்துவிட வேண்டும். விஷம் வைப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதோடு வைத்த விஷம் தாழைக்கோழியோடு நிற்பதும் இல்லை.

பூதப்பாண்டிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் மூன்று. தேரூர், சுசீந்திரத்துக்கும் வேம்பனூருக்கும் ராம்சார் அந்தஸ்து (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்ததே, அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? குளத்தைத் தூர்வாருவது பறவைக்கு நல்லதா கெட்டதா? மணக்குடியில் எந்த நேரம் போவது?

பொழிமுகம் எழுதியது:

மணக்குடிக்கு நேரம் பார்ப்பதைவிடப் பொழி (ஆற்றின் கடல்வாய்) திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழையாறு கடலில் சேரும் இடத்தில் அலை மணலைக் கொண்டுவந்து திட்டு கட்டும். ஆற்றில் வேகம் குறைந்த மாதங்களில் பொழி அடைந்துபோகும். அடைந்தால் காயலில் தண்ணீர் ஏறி, சகதித் திட்டு எல்லாம் முங்கிவிடும், உள்ளான் கூட்டத்துக்கு இடமில்லை. வெள்ளம் வந்து உடைத்தாலோ வெட்டிவிட்டாலோ ஒரே நாளில் தண்ணீர் இறங்கி சகதி வெளியே வரும், புழுவும் சிப்பியும் திறந்து கிடக்கும். அந்த முதல் இரண்டு மூன்று நாள்தான் கருவால் மூக்கனும் உள்ளான்களும் குவியும் நேரம். பொழி திறந்திருக்கும்போது கடலின் வற்றத்தை (தண்ணீர் இறங்கும் நேரத்தை) பார்த்துப் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் ஆழமாக இருக்கும். போவதற்கு முந்தின நாள் மீனவர் யாரிடமாவது கேட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் இல்லை.

அலையாத்தி மரங்களைக் கரையிலிருந்தே காட்டுங்கள். சகதிக்குள் குத்திட்டு நிற்கும் விரல் மாதிரி வேர்கள் அந்த மரங்கள் காற்று எடுக்கும் மூச்சுவேர்கள், மிதித்தால் உடையும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மணக்குடிப் பாலமே பிய்த்துக்கொண்டு போனது. கீழ மணக்குடி, மேல மணக்குடி இரண்டு கரையிலும் அந்த இழப்பின் நினைவு உயிரோடு இருக்கிறது. பிள்ளைகளை அங்கே சத்தம் போடாமல் நடக்கச் சொல்லுங்கள்.

காயலோரம் சில இடங்களில் தண்ணீர் மைபோலக் கறுத்து அழுகல் முட்டை வாடை அடிக்கும். அது கயிறு திரிக்கத் தொண்டு (தேங்காய் மட்டை) அழுக வைத்த இடம். தொண்டு அழுகும்போது தண்ணீரில் உள்ள உயிர்வளி தீர்ந்து கந்தக வாயு கிளம்புகிறது. மீன் குஞ்சு தங்காது. பறவையும் அந்த ஓரத்தைத் தவிர்க்கும். பிள்ளைகள் கேட்பார்கள், காரணத்தோடு சொல்லுங்கள்.

புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களை விடாதீர்கள். பூநாரை வருகிற வருடங்களில் அங்கேதான் நிற்கும். உப்பு விளையும் சின்னப் பாத்தியில் தேடாதீர்கள், அதில் உப்பு முற்றி எந்த உயிரும் இருக்காது. உப்புநீரை முதலில் பிடித்து வைக்கும் பெரிய பாத்திகளில்தான் சிறு இறால் வகைகளும் பாசியும் இருக்கும், பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் அங்கே மேயும். வரப்பு மிதிபட்டு உடைந்தால் தொழிலாளியின் பல நாள் உழைப்பு போகும். கேட்டுவிட்டு, ஒற்றை வரிசையில் நடங்கள்.

நெடுங்கால் எழுதியது:

ராம்சார் பற்றி: இரண்டும் 2022இல் பட்டியலில் சேர்ந்தன. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி சுமார் 94 ஹெக்டேர், வேம்பனூர் சுமார் 20 ஹெக்டேர். பிள்ளைகளிடம் அளவைச் சொல்லி, ஏலாக்கரை எழுதியதை அதன் பக்கத்தில் வையுங்கள். 94 ஹெக்டேர் காப்பாற்றப்பட்டாலும் இரை தேடும் வயல் அதைவிடப் பலமடங்கு பரப்பு. அந்த வயல் போனால் பலகை நிற்கும், பறவை நிற்காது.

தூர்வாருதல் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. பொக்லைன் வைத்துக் கரையோரத்தையே செங்குத்தாகத் தோண்டி அந்த மண்ணைக் கரையில் ஏற்றுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கொள்ளளவு கூடும், ஆனால் நான் மேலே சொன்ன 2 முதல் 30 செ.மீ. ஆழமுள்ள ஓரம் முழுவதும் அழிந்துவிடும். கிண்ணம் வாளியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடு இறங்கினாலும் ஏறாது, குழந்தை விழுந்தாலும் ஏறாது. நடுவில் ஆழம் எடுத்து, ஓரத்தில் ஒரு மீட்டர் இறங்க 10 மீட்டர் நடக்க வேண்டும் என்கிற சரிவை விட்டால் விவசாயிக்கும் தண்ணீர், பறவைக்கும் ஓரம்.

ஏலாக்கரை எழுதியது:

சரிவு விஷயத்தில் உடன்படுகிறேன். ஆனால் தாமரையைத் தொடக்கூடாது என்று பறவை பார்ப்பவர்கள் சொல்வதை ஏற்க முடியாது. தாமரைக் கொடி மடைவாயில் சுற்றினால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. தோவாளைச் சந்தைக்குப் பூ போகிற வருமானமும் ஊரில் சிலருக்கு இருக்கிறது. மடைக்கு முன்னால் 10 மீட்டர் சுத்தமாக வைத்து, மீதியைப் பங்கு போட்டு விடுவதே நடைமுறை. முழுவதையும் ஒரே வருடம் வாரினால் இலைக்கோழிக்குக் கூடு வைக்க இலை இல்லை. மூன்றில் ஒரு பங்கு ஒரு வருடம், அடுத்த பங்கு அடுத்த வருடம். வேலையை மார்ச் முதல் மே வரை, கால்வாய் அடைந்த மாதங்களில் முடிக்க வேண்டும். ஜூனுக்குப் பிறகு கூடுகள் வந்துவிடும்.

ஆகாயத்தாமரைக்கு மட்டும் இந்தத் தயவு கூடாது. அதை முழுக்க எடுக்க வேண்டும், பூ வருவதற்கு முன்பே எடுக்க வேண்டும். விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். எடுத்ததைக் கரையிலேயே குவித்தால் மழையில் சாறு திரும்பக் குளத்துக்கே வடிந்து அடுத்த படைக்கு உரமாகும். குறைந்தது கரையின் மறுசரிவுக்குக் கொண்டுபோய் உலர வைக்க வேண்டும். வரத்துக்கால் வாயில் மூங்கில் மிதவை குறுக்கே கட்டினால் மேல்குளத்திலிருந்து வருவது அங்கேயே தேங்கும், வாரத்துக்கு ஒருமுறை வாரினால் போதும். மிதவை கட்டாமல் குளத்தை மட்டும் சுத்தம் செய்வதால்தான் இரண்டே மாதத்தில் பழைய நிலை வருகிறது.

நெடுங்கால் எழுதியது:

மடைக்கு முன்னால் 10 மீட்டர், மூன்றில் ஒரு பங்கு: இதில் எனக்கும் மறுப்பில்லை.

மறுகால் எழுதியது:

ஆதாரம் கேட்டதற்குப் பதில் பாக்கி இருக்கிறது. பழைய திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் நெல்வயலை 'நிலம்' என்றும், தோட்டமும் வீடும் உள்ள மேட்டை 'புரையிடம்' என்றும் எழுதுவார்கள். இன்று தென்னையோ வீடோ நிற்கிற சர்வே எண்ணுக்குத் தாத்தா காலத்துப் பத்திரத்தில் நிலம் என்று இருந்தால் அது ஏலாவாக இருந்தது. பிள்ளைகளின் வீட்டுப் பத்திரங்களிலேயே தேடச் சொல்லலாம், பெற்றோர் சம்மதத்தோடு, பெயரையும் எண்ணையும் மறைத்து.

பத்திரத்திலும் மடைக் கல்லிலும் ஆண்டு கொல்லம் கணக்கில் இருக்கும். கொல்லம் ஆண்டு கி.பி. 825 ஆகஸ்டில் தொடங்குகிறது, வருடம் சிங்க மாதத்தில், நம் ஆவணியில் பிறக்கும். அதனால் ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி வரை உள்ளதற்கு 825. கொல்லம் 1100 கும்பம் என்றால் 1925 பிப்ரவரி மார்ச். கொல்லம் 1100 கன்னி என்றால் 1924 செப்டம்பர் அக்டோபர். மாதத்தைப் பார்க்காமல் 825 கூட்டுவதால் ஒரு வருடம் தவறிப்போவது புத்தகம் எழுதுகிறவர்களுக்கே நேர்கிறது. மடைக்கல்லில் எழுத்து இருந்தால் சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்கச் சொல்லாதீர்கள், கல் அரிக்கும். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டு நிழலில் எழுத்து தானாகத் தெரியும்.

நேரக் கணக்கு: காலை 6 மணிக்குத் தேரூர்க் கிழக்குக் கரை, எட்டு வரை பறவை. தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள், கல்வெட்டுகளைத் தேடிப் படித்தவர் அவர். எட்டரைக்கு ஆரஞ்சுத்தோல் வேலை, கால்வாய் அடைவதற்கு முன்னால் போனால்தான் அது நடக்கும், அதனால் பிப்ரவரி மூன்றாவது சனிக்கிழமையைப் பிடியுங்கள். ஒன்பதரைக்குச் சுசீந்திரம் குளம், பத்தரைக்குள் மணக்குடி. பதினொன்றுக்கு மேல் வெயிலில் காற்று நடுங்கும், தொலைநோக்கியில் எதுவும் தெளியாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, பழைய செருப்பு. சிவப்பு, வெள்ளை உடுப்பு வேண்டாம். வனத்துறைக்கு முன்கூட்டி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், அந்தப் பகுதி பாதுகாப்புக் காப்பகத்துக்குள் வருகிறது.